காசிமேடு முதல் முகத்துவாரம் வரை: ஒரு பழைய காரின் பெட்ரோல் கணக்கு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று. வடசென்னையில் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வண்டி ராத்திரியில் எங்கே நின்றது? பெரம்பூரில் ஒரு சந்துக்குள் நின்ற காரும் காசிமேட்டில் கடலைப் பார்த்து நின்ற காரும் ஒரே நாளில் ஒரே ஆலையிலிருந்து வந்தவையாக இருக்கலாம். இருபது வருடம் கழித்து அவை இரண்டும் வெவ்வேறு கார்கள். பெயின்ட் உரிவதும் கதவின் அடித்தகடு அரிப்பதும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அரிப்பு பானெட்டுக்குள், கம்பிகளை இணைக்கும், விரல்நுனி அளவே உள்ள கப்ளர்களுக்குள் நடக்கிறது. பெட்ரோல் செலவை ஏற்றுவது அதுதான்.

என் நண்பர் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறவர். அவருடைய மாருதி 800, 2004-இல் வாங்கியது. அன்று முதல் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்தில்தான் நிற்கிறது. லிட்டருக்குப் பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினொன்றுக்கு இறங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றினால் கரி. சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை. புகைச் சோதனையிலும் தேறவில்லை. ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாற்றினார்கள். பணம் போனது, வாடை போகவில்லை. திருவொற்றியூரில் அவர் மிகவும் நம்பும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டிவிட்டு, அப்படியே எண்ணூர் முகத்துவாரம் வரை போய்வரலாம் என்று புறப்பட்டோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள அந்தக் கரையோரச் சாலையை ஒரு எஞ்சினின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டும்போது வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனோம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். பம்பாயின் போரி பந்தர், கல்கத்தாவின் ஹௌரா ஆகியவற்றின் முதல் கட்டடங்கள் இப்போது இல்லை. இந்தக் கட்டடம் நிற்கிறது. பராமரித்தால் உப்புக்காற்றிலும் ஒரு பொருள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நிற்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காசிமேட்டில் நண்பர் ஒரு வேலையாக இறங்கினார். படகுத்துறைப் பக்கம் விசைப்படகு ஒன்றின் எஞ்சின் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். இங்குள்ள படகுகள் பலவற்றில் ஓடுவது அசோக் லேலண்ட் எஞ்சின். அதாவது, லாரிக்கென்று பிறந்து கடலுக்குப் போன எஞ்சின். பழைய படகு எஞ்சின்களில் டீசலை அளந்து தருவது முழுக்க இயந்திர பம்பு. சென்சார் என்று ஒன்றும் கிடையாது. மின்சாரம் என்றால் பேட்டரி, செல்ஃப் மோட்டார், விளக்கு அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச மின்சாரத்தின் ஒவ்வொரு முனையிலும் படகுக்காரர்கள் கிரீஸை அப்பியிருந்தார்கள். கடலுக்குப் போகும் எந்தக் கம்பி முனையையும் அவர்கள் வெறுமையாக விடுவதில்லை. கரையில் நிற்கும் காருக்கும் அதே காற்றுதான் என்பது கார்க்காரர்களுக்குத்தான் தோன்றுவதில்லை.

எண்ணூர் விரைவு சாலையில் ஏறியதும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களின் வரிசை. நகர்ந்து, நின்று, மறுபடி நகரும் அந்த வரிசைக்குப் பக்கத்தில் எங்கள் வண்டியும் ஐடிலிங்கில் நின்று உறுமியது. சூடேறிய எஞ்சின் அமைதியாக ஓட வேண்டிய வேகத்தைவிட அது அதிகம் என்று காதுக்கே தெரிந்தது.

மாருதி 800-இன் முதல் சாவி 1983 டிசம்பர் 14 அன்று கைமாறியபோது அதில் இருந்தது கார்பரேட்டர். காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக விரையும்போது உண்டாகும் உறிஞ்சலில் பெட்ரோல் தானாக இழுக்கப்படும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது ஜெட்டின் துளையிலேயே தீர்மானமாகிவிட்டது. குளிரில் கூடுதலாக வேண்டுமென்றால் ஓட்டுகிறவர் சோக்கை இழுப்பார். 2000-ஐ ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது, அதே வண்டிக்கு எம்.பி.எஃப்.ஐ. என்ற பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்தது. 1998-இல் சான்ட்ரோ கார் அதோடுதான் இறங்கியிருந்தது. இந்த முறையில் பெட்ரோலைக் காற்று இழுப்பதில்லை, இன்ஜெக்டர் பீய்ச்சுகிறது. ஐடிலிங்கில் ஒவ்வொரு தடவையும் அது திறந்திருப்பது சில மில்லி செகண்டு. அந்தச் சில மில்லி செகண்டில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மைலேஜும் பிக்கப்பும் புகையும் மாறிவிடும்.

எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் எஞ்சினைப் பார்த்ததே இல்லை. கப்பலைக் கண்ணால் காணாமல், மேசைக்கு வரும் சீட்டுகளை வைத்தே சரக்குக் கணக்கு எழுதும் துறைமுகக் குமாஸ்தா போல, தனக்கு வரும் வோல்ட்டேஜ்களை வைத்துத்தான் அது எல்லாவற்றையும் கணிக்கிறது. மேப் சென்சார் சொல்வது இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம். கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் 30, 40 அளவில் இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறும். அழுத்தம் ஏறினால் காற்று அதிகம், ஆகவே பெட்ரோலும் அதிகம் வேண்டும். எஞ்சின் தண்ணீரின் சூட்டை ஒரு சென்சார் சொல்கிறது. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு சூடு என்று ஆளுக்கொரு சேதி.

இவை எல்லாம் முன்கூட்டிய மதிப்பீடு. எரிந்து முடிந்த பிறகு சரிபார்ப்பது ஒன்றே ஒன்று: புகைக்குழாயில் செருகியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் செய்து 1976-இல் வால்வோ கார்களில் முதலில் பொருத்தப்பட்டது அது. சிர்கோனியாவால் ஆன அதன் நுனி 300 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் வேலை செய்யும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், பெட்ரோல் மிஞ்சியிருந்தால் 0.9 பக்கம் ஏறும். நடுவே 0.45. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற அளவின் இரு பக்கமும் கலவை ஊசலாட, கம்ப்யூட்டர் அந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்துக்கொண்டே வரும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் இருந்தால்தான், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் தன் வேலையைச் செய்யும்.

டிரெய்லர்கள் விலகி வலப்பக்கம் கடல் திறந்துகொண்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளில் அலை மோதி உடைகிறது. உடையும் ஒவ்வொரு அலையிலும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் காற்றில் ஏறுகின்றன. நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்பும்போது அவை சாலையைத் தாண்டி உள்ளே வரும். கரையிலிருந்து சில நூறு மீட்டரில் அந்த உப்பின் அளவு கடகடவென்று குறைந்துவிடும். அதனால்தான் ஒரே பேட்டையில் இரண்டு தெரு தள்ளி நிற்கும் வண்டிக்குக்கூட ஆயுள் வேறு. காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சி.இ.சி.ஆர்.ஐ., நாட்டின் பல ஊர்களில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்து, அவை எவ்வளவு அரிக்கின்றன என்று அளந்து இந்தியாவுக்கே ஓர் அரிப்பு வரைபடம் தயாரித்தது. உப்பு தனியாக வந்தாலே கெடுதல். கந்தக டை ஆக்சைடும் சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரையும். இந்தக் கரையில் கிழக்கே கடல். மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர, ரசாயன ஆலைகளும். வடக்கே அனல்மின் நிலையங்கள். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமாக மாசடைந்த பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. செம்புக் கம்பிக்கு இதைவிடக் கடினமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது.

திருவொற்றியூரில் தியாகராசர் கோயில் பக்கம் திரும்பி, தேரடியைக் கடந்து, ஒரு சின்னத் தெருவில் அந்தப் பட்டறை. தகரக் கூரை, ஒரு பள்ளம், சுவர் முழுக்க ஸ்பானர். மெக்கானிக்குக்கு அறுபதை ஒட்டிய வயது. நண்பர் அவரை அண்ணே என்பார். முன்பு கார்பரேட்டர் டியூனிங்கில் பேர் வாங்கியவராம். எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது பலர் அந்த வண்டிகளைத் தொட அஞ்சி ஒதுங்க, இவர் ஒரு மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டு தானாகக் கற்றுக்கொண்டவர்.

“இன்னாத்த மாத்துனாங்க?” என்றுதான் முதலில் கேட்டார்.

“ஓ-டூ சென்சார் அண்ணே.”

“வண்டிக்கு இன்னா வேணும்னு வண்டிய கேட்டாங்களா?”

பழைய சுசூகி முறையில் வண்டியைக் கேட்பதற்கு வழி இருக்கிறது. டயக்னோசிஸ் முனையை ஒரு சிறு கம்பியால் எர்த்தோடு சேர்த்துச் சாவியைத் திருப்பினால், செக் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டும். சிமிட்டலை எண்ண வேண்டும். ஒன்று, பிறகு இரண்டு என்றால் 12: குறை எதுவும் இல்லை. 13 என்றால் ஆக்சிஜன் சென்சார். 14 என்றால் தண்ணீர் வெப்பச் சென்சார். அவர் கம்பியைப் போட்டார். விளக்கு ஒரு தடவை சிமிட்டி, இடைவெளி விட்டு, இரண்டு தடவை சிமிட்டியது. மறுபடியும் அதே. 12.

பெட்ரோலை இப்படிக் குடிக்கும் வண்டி, தனக்கு ஒன்றுமில்லை என்கிறது. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விளக்கம் இதுதான். கம்பி முழுக்க அறுந்தாலோ ஒன்றோடொன்று உராய்ந்து ஷார்ட் ஆனாலோதான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் குறையைக் கண்டுபிடிக்கும். நம்பத்தகுந்த ஒரு தவறான எண் வந்தால் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். எஞ்சின் 80 டிகிரியில் இருக்கும்போது 55 என்று சேதி வந்தால், 55 நடக்கக்கூடிய சூடுதானே? விளக்கு எரிய என்ன காரணம்? குறியீடு இல்லாததால்தான் பட்டறைகளில் ஊகம் புகுந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சென்சார்கள் மாறுகின்றன.

எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போதே அவர் தண்ணீர் வெப்பச் சென்சாரின் கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தார். இந்தச் சென்சார் சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை: 20 டிகிரியில் சுமார் 2,450 ஓம், 40-இல் 1,150, 60-இல் 600-க்குச் சற்றுக் குறைவு, 80-இல் 320. மீட்டர் முன்னூற்றுச் சொச்சம் காட்டியது. சென்சாரில் குறையில்லை. கப்ளரை மாட்டிவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே கம்ப்யூட்டர் பக்கத்து முனையில் அதே இரண்டு கம்பிகளை அளந்தார். எழுநூறை நெருங்கியது.

“சென்சாரு நல்லாத்தான் கீது தம்பி. அதுக்கு வர்ற வழிதான் பூட்சி” என்று சொல்லி, கப்ளரைக் கவிழ்த்து வெளிச்சத்தில் காட்டினார். பித்தளைப் பின்னைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தது. கம்பியின் உறையைச் சிறிது சீவிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் கருகிய நிறத்தில். ஈரமும் உப்பும் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருந்தன.

அந்தக் களிம்பு சேர்த்த நானூறு ஓம்தான் எஞ்சினைக் குளிர்ந்ததாகக் காட்டிக்கொண்டிருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித் தரும்; ஐடிலிங்கையும் ஏற்றி வைக்கும். சாலையில் கேட்ட உறுமலுக்கு அதுதான் காரணம்.

ஆனால் இத்துடன் கதை முடியாது. கலவையில் பெட்ரோல் மிஞ்சினால் ஆக்சிஜன் சென்சார் சொல்லிக் குறைத்திருக்க வேண்டும். அது ஏன் சும்மா இருந்தது? அவரும் அதையே யோசித்தார். பட்டறைப் பையனை விட்டு, சைலன்சர் வாயைத் துணியால் ஒரு நொடி அடைக்கச் சொன்னார். வண்டிக்கு அடியில் ‘ஸ்ஸ்’ என்று சத்தம். எஞ்சினிலிருந்து இறங்கும் ஃப்ரன்ட் பைப்பில், சென்சாருக்குச் சற்று முன்னால், துருப்பிடித்த பற்றவைப்பில் மயிரிழை விரிசல், சுற்றிலும் கரிக்கோடு. புகை தொடர்ச்சியாக வெளியேறுவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. துடிப்புகளின் இடைவேளையில் அந்த விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அந்தக் காற்றில் உள்ள ஆக்சிஜனைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் இன்னும் கூட்டும். புதுச் சென்சார் வாங்கி மாட்டியபோது, அதுவும் தான் பார்த்ததை ஒழுங்காகச் சொன்னது. விரிசல் அப்படியே இருந்ததே.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி முனைகளைக் கழற்றி, கம்ப்யூட்டரின் கப்ளரையும் பிரித்து வைத்தார். இதைச் செய்யாமல் ஆர்க் வெல்டிங் அடித்துக் கம்ப்யூட்டரையே பறிகொடுத்த வண்டிகள் உண்டாம். வேலை நடந்துகொண்டிருக்க, அவர் தன் அனுபவத்திலிருந்து வேறு வண்டிகளைச் சொல்லிக்கொண்டு போனார். ஒற்றைக் கம்பி ஆக்சிஜன் சென்சார் உள்ள பழைய கார்களில், சென்சாரின் எர்த் புகைக்குழாய் வழியாக எஞ்சினிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரின் எர்த் வேறிடத்தில் ஒரு நட்டின் அடியில் இருக்கும். அந்த நட்டு துருப்பிடித்து அங்கே 0.3 வோல்ட் விழுந்தால், சென்சார் அனுப்பும் 0.7, கம்ப்யூட்டருக்கு 0.4 ஆகத் தெரியும். பெட்ரோல் மிஞ்சியது, குறைந்ததாகிவிடும். மேப் சென்சாரின் எர்த் பின்னில் களிம்பு ஏறினால் அதன் வோல்ட்டேஜ் உள்ளபடிக்கு மேலே ஏறும். உள்ளபடிக்கு மேலான அழுத்தம் என்றால் அதற்கும் கூடுதல் பெட்ரோல். காய்ந்த வேக்குவம் ஹோஸ் வெடித்தாலும் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறி அதே முடிவு.

கேட்கக் கேட்க ஓர் ஒழுங்கு புலப்பட்டது. கப்ளரில் களிம்பு, எர்த்தில் துரு, குழாயில் விரிசல்: இந்த வழிகளில் எதில் உப்புக்காற்று நுழைந்தாலும் கணக்கு ஒரே பக்கம்தான் சாய்கிறது. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும், தட்டும், எவரும் அன்றே பட்டறைக்குப் போவார்கள். மிஞ்சினால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். மாதாமாதம் வீட்டுச் செலவில் மட்டும் தெரியும். கூலிக்கு வண்டி ஓட்டுகிற, மீன் ஏற்றுகிற இந்தப் பேட்டைக்காரர்களின் கையிலிருந்து அது போகிறது. போகிற பணம் புகையாகி அவர்கள் குழந்தைகளின் மூச்சுக்குள்ளும் வருகிறது. பி.எஸ்.-2 மாசு விதிக்குப் பிந்தைய காரின் ஐடிலிங் புகையில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதம் வரை சலுகை. களிம்பேறிய ஒரு பின், புதிய விதியின் காரைப் பழைய விதியின் கார் அளவுக்குப் புகைக்க வைத்துவிடும். கலவை இப்படியே வெகுநாள் மிஞ்சி ஓடினால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உள்ளேயே உருக்கிவிடும். அதன்பின் சரிசெய்ய ஒன்றுமில்லை, காயலான் கடைதான்.

தெருமுனைக் கடையில் டீ குடிக்கும்போது பேச்சு பெட்ரோலுக்குப் போனது. இந்தப் பேட்டையில் அது இயல்பு. தண்டையார்பேட்டையில் எண்ணெய்த் தொட்டிகள், ஐ.ஓ.சி. என்றே ஒரு பஸ் நிறுத்தம், மணலியில் 1969 முதல் சுத்திகரிப்பு ஆலை. சென்னையின் பெட்ரோல் இந்த மண்ணைத் தொட்டுத்தான் ஊருக்குள் போகிறது. சென்சார்கள் இந்தியாவுக்கு வந்த கதையே பெட்ரோலின் கதைதான். ஈயம் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் சென்சாரும் கன்வர்ட்டரும் விஷமேறிச் செத்துவிடும். 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானபோது, ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் ஒழிந்தது. இந்தியச் சாலைகளில் சென்சார் உயிரோடிருக்க அதுதான் வழி திறந்தது.

இப்போதைய கவலை எத்தனால். 20 சதவீதம் கலந்த பெட்ரோல், இ-20, 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இன்று எங்கும் அதுவே. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும்: 14.7 அல்ல, 9. இ-20-க்கு அது பதின்மூன்றரை அளவுக்கு வரும். கார்பரேட்டர் காரில் ஜெட்டின் துளை மாறாது. ஆகவே கலவை மெலியும், எஞ்சின் இழுக்காது, சூடாகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் புகையைப் பார்த்துப் பெட்ரோலைத் தானாகக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும், அதன் திருத்தும் எல்லை மிஞ்சாதவரை. லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் விழத்தான் செய்யும். எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ-10-க்குச் சீரமைத்த கார்களுக்கு இ-20-இல் 6 முதல் 7 சதவீதம் இழப்பு இருக்கலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை கணித்தது. நண்பரின் வண்டி இழந்தது அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். இ-20-இன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பலர் பானெட்டைத் திறக்காமலே இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். எத்தனால் எடுத்தது ஒரு பங்கு, உப்பு எடுத்தது பல பங்கு. ரப்பர் ஹோஸ்களை எத்தனால் வீங்கவைக்கும் என்பது தனிக் கவலை. இந்த வயது வண்டிகளுக்கு அவற்றை மாற்றிவிடுவதே நல்லது.

திரும்பி வந்தபோது புதுப் பின்கள் நசுக்கிப் பொருத்தப்பட்டு, மேலே சுருங்கும் உறை போட்டு, கப்ளருக்குள் சிலிகான் கிரீஸ் வைத்து மூடியாகிவிட்டது. காசிமேட்டுப் படகில் பார்த்த அதே பழக்கம். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேறக் காத்திருந்தோம். உறுமல் மெல்ல இறங்கி, நிமிடத்துக்குத் தொள்ளாயிரம் சுற்றை ஒட்டி நின்றது. அவர் வாங்கிய கூலி, சென்சாருக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அறிவுக்கு இந்த ஊரில் கூலி இல்லை, பொருளுக்குத்தான் விலை என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அளந்து பார்க்க அரை நாள் செலவழிக்கும் மெக்கானிக்கைவிட, ஐந்து நிமிடத்தில் சென்சாரை மாற்றித் தரும் பட்டறை அதிகம் சம்பாதிக்கிறது. அளந்து பார்ப்பதற்கும் வாடிக்கையாளர் காசு கொடுக்கத் தொடங்காதவரை இது மாறாது.

வடக்கே தொடர்ந்தோம். 1955-இல் என்ஃபீல்ட் புல்லட் ஆலை தொடங்கியது திருவொற்றியூரில். 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யத் தொடங்கி எம்.ஆர்.எஃப். ஆக வளர்ந்ததும் இங்கேதான். எர்ணாவூர் தாண்டிக் கத்திவாக்கம். அசோக் லேலண்ட் ஆலையின் நீண்ட சுவர் வந்தது. 1948-இல் ரகுநந்தன் சரண் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, அடுத்த ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டத் தொடங்கினார். 1,200 சி.சி., 40 குதிரைத்திறன், ஒரு கார்பரேட்டர், ஒரு சோக். 1955-இல் லேலண்ட் சேர்ந்தபின் கார் போய் லாரியும் பஸ்ஸும் நிலைத்தன. அந்த ஏ-40-இல் எரிபொருள் கட்டுப்பாடு முழுக்க ஓட்டுகிறவரின் காதிலும் கையிலும் இருந்தது. காலையில் சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது தள்ளுவது என்று அவருக்குத் தெரியும். தள்ள மறந்தால் கரி வாடை அவருக்கே அடிக்கும். அவர் செய்ததை இன்று தண்ணீர் வெப்பச் சென்சார் செய்கிறது. நண்பரின் வண்டியில் நடந்தது என்னவென்றால், மாதக்கணக்கில் சோக்கை இழுத்தபடியே ஓட்டியதுதான்.

முகத்துவாரத்தில் கொசஸ்தலையாறு கடலில் சேருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இங்கே படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. மீனவர்கள் கையாலேயே அள்ளினார்கள். ஆற்றுக்கு வடக்கே காமராசர் துறைமுகம். 2010 முதல் நிசான் கார்கள் அங்கிருந்து கப்பலேறுகின்றன. இன்றைய ஒரு பி.எஸ்.-6 காரில் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆக்சிஜன் சென்சார்கள். குறையைச் சொல்ல ஓ.பி.டி. என்ற தற்சோதனை வசதி இருக்கிறது, தவறான எண்ணையும் மற்ற எண்களோடு ஒப்பிட்டுச் சந்தேகிக்கும் அளவுக்குக் கம்ப்யூட்டர் தேறியிருக்கிறது. ஆனால் கப்ளர்கள் பல மடங்கு. இந்தக் கரையிலேயே விற்கப்பட்டு இங்கேயே நிற்கப்போகும் கார்களுக்கு, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த கைகள் இன்னும் அதிகம் தேவைப்படும். அரசு ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு, கடலோர வண்டியின் கம்பியை அளக்கும் பாடம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அண்ணனைப் போன்றவர்களையே அழைத்து நடத்தச் சொல்லலாம்.

“வித்துட்டு வேற பாக்கலாமா, வெச்சிக்கலாமா?” என்று நண்பர் கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். எஞ்சினில் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது, சென்சார்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, கம்ப்யூட்டரில் குறையில்லை. வேறு பழைய வண்டி வாங்கினால் அதுவும் இதே காற்றில்தான் நிற்கப் போகிறது. அதன் களிம்பை முதலிலிருந்து தேட வேண்டும். மழைக்கு முன் ஒரு தடவை, கோடைக்கு முன் ஒரு தடவை கப்ளர்களைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளைச் சுரண்டி முறுக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸ்களை இந்த மாதமே மாற்ற வேண்டும். அடுத்த வாரம் புகைச் சோதனைக்கு மறுபடி நிறுத்தப் போகிறார். கார்பன் மோனாக்சைடு 0.5-க்குக் கீழே வந்துவிட்டால் கன்வர்ட்டர் பிழைத்தது என்று அர்த்தம். வராவிட்டால் அண்ணன் அடுத்துக் கழற்றிப் பார்க்கச் சொன்னது இன்ஜெக்டர்களை.